விற்காமல் வைத்த பெட்டிகள்

வீட்டுக்கு உழைத்துப் போட்டவர் மௌத்தாகி நாற்பது நாள் கழிவதற்குள், அவர் தொழில் செய்த சாமானுக்கு விலை பேசத் தொடங்கிவிடுவது நமது ஊர்களில் வழமையாகி விட்டது. தறியாக இருக்கலாம், தையல் மெசினாக இருக்கலாம், வள்ளத்து என்ஜினாக இருக்கலாம், கலியாண வீடுகளுக்குக் கொடுக்கும் ஒலிபெருக்கிப் பெட்டிகளாகவும் இருக்கலாம். "இத வெச்சிக்கிட்டு என்ன மகள் செய்யப் போறாய்? வித்துப்போட்டுக் காசக் கையில எடு" என்று சொல்வதற்கு ஒரு மாமாவோ மச்சானோ இருப்பார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அன்றைய கஷ்டம் தீர வேண்டும் என்றுதான் சொல்கிறார். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று சமூக சேவைக்காக வீடுவீடாகப் போய்வரும் எனக்கு இந்த வசனம் மனப்பாடம்.

இதே வசனத்தைக் கேட்டு "இல்லை, விற்க மாட்டேன்" என்று சொன்ன ஒரு தாயைப் பற்றியும், அவர் விற்காமல் வைத்த பெட்டிகளோடு வளர்ந்த ஒரு மகனைப் பற்றியும் வாசக சகோதரிகளோடு பேசலாம் என்று நினைக்கிறேன். அந்த மகனின் பெயர் உங்கள் எல்லோருக்கும் தெரியும்: ஏ.ஆர். ரஹ்மான். அவரது பாடல்களைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இசை பற்றி நம்மிடையே வேறுவேறு கருத்துகள் இருப்பதும் நான் அறியாததல்ல. நான் பேச வந்தது பாட்டைப் பற்றியல்ல. கருவிகளைப் பற்றி, அவற்றின் மீது ஒரு குடும்பம் வைத்த ஆசையைப் பற்றி, அந்த ஆசை எப்படிச் சோறாகவும் தொழிலாகவும் மாறியது என்பதைப் பற்றி.

தகப்பன் சேர்த்த சொத்து

ரஹ்மானின் தகப்பனார் ஆர்.கே. சேகர். 1933ஆம் ஆண்டு பிறந்தவர். சென்னையில் இருந்துகொண்டு மலையாளப் படங்களுக்கு இசை ஒழுங்கமைப்பாளராகவும் இசைக்குழு நடத்துனராகவும் பணி செய்தார். 1964இல் வெளிவந்த 'பழசிராஜா' என்ற மலையாளப் படத்தின் மூலம் இசையமைப்பாளரானார். ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் உழைத்த மனிதர் என்று அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள்.

அவருக்கு ஒரு பிரியம் இருந்தது. புதிதாக வரும் மின்னணு இசைக்கருவிகளைத் தேடி வாங்குவதுதான் அது. ஒரே விசைப்பலகையில் வயலினின் சத்தத்தையும் புல்லாங்குழலின் சத்தத்தையும், இதுவரை யாரும் கேட்டிராத சத்தங்களையும் எழுப்பக்கூடிய சின்தசைஸர் வகைக் கருவிகள் அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். சென்னையில் அவற்றை வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அப்படிப்பட்ட காலத்தில் கிடைத்த வருமானத்தில் ஒரு பங்கை அவர் இந்தப் பெட்டிகளில் போட்டார். ஒரு சாதாரணக் குடும்பத்தில் இது வீண்செலவாகத்தான் தெரிந்திருக்கும். காணி வாங்கலாம், நகை வாங்கலாம், வயர் தொங்கும் பெட்டியை வாங்குவார்களா என்று அக்கம்பக்கத்தவர் கேட்கக்கூடிய விடயம்தானே!

1976ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சேகர் காலமானார். வயது 43. திலீப் குமார் என்ற பெயரில் அப்போது வளர்ந்து கொண்டிருந்த ரஹ்மானுக்கு 9 வயது. கூடப் பிறந்தவர்கள் மூன்று பெண்கள். நான்கு பிள்ளைகளோடும் ஓர் அறை நிறைந்த கருவிகளோடும் தாய் தனித்து நின்றார். கஸ்தூரி என்ற பெயருடைய அந்தத் தாய்தான் பிற்காலத்தில் குடும்பத்தோடு இஸ்லாத்தைத் தழுவி கரீமா பேகம் ஆனவர்.

தாய் சொன்ன மறுமொழி

கருவிகளை விற்று, வரும் பணத்தின் வட்டியில் குடும்பத்தைக் கொண்டு நடத்துங்கள் என்று அப்போது பலர் ஆலோசனை சொன்னார்கள். இதை ரஹ்மானே பிற்காலத்துப் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தாய் மறுத்து விட்டார். எனக்கு மகன் இருக்கிறான், அவன் இவற்றைப் பார்த்துக் கொள்வான் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். 9 வயதுப் பிள்ளையை நம்பிச் சொன்ன வார்த்தை அது.

அவர் விற்கவில்லை என்பது பாதிக் கதைதான். அவற்றைச் சும்மாவும் வைத்திருக்கவில்லை என்பது மற்றப் பாதி. ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு அந்தக் கருவிகளை வாடகைக்குக் கொடுத்தார். அந்த வாடகைதான் குடும்பத்தின் அன்றாடச் செலவைத் தாங்கியது. கருவி வாடகைக்குப் போனால் அதைக் கொண்டுபோய்ப் பொருத்தவும் இயக்கிக் காட்டவும் ஒருவர் வேண்டும். பிள்ளை ரஹ்மான் கருவிகளோடு பழகியது இப்படித்தான். சிறுவனாக இருக்கும்போதே எம்.கே. அர்ஜுனன், எம்.எஸ். விஸ்வநாதன், இளையராஜா போன்றவர்களின் குழுக்களில் விசைப்பலகை வாசிக்கத் தொடங்கினார். பள்ளிப் படிப்புக்கும் வேலைக்கும் இடையில் இழுபட்ட நிலையில், 11ஆம் வகுப்போடு பள்ளியை விட்டு இசைக்கு வரச் சொன்னவரும் அதே தாய்தான்.

படிப்பை நிறுத்தியதை நான் இங்கே புகழவில்லை. நமது பிள்ளைகள் சாதாரண தரமும் உயர்தரமும் முடிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. வேறு வழி இல்லாத ஒரு விதவைத் தாய் எடுத்த முடிவு அது. அவரது முடிவுகளில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கருவிகளைப் பற்றிய முடிவையே.

பொருளும் அதை ஆளும் கையும்

சமூகவியல் படித்த காலத்தில் பியர் போர்தியூ என்ற பிரெஞ்சு அறிஞரின் ஒரு கருத்தை எங்களுக்குக் கற்பித்தார்கள். மூலதனம் என்பது காசு மட்டுமல்ல என்பார் அவர். புத்தகங்கள், கருவிகள், இயந்திரங்கள் ஆகியவையும் ஒருவகை மூலதனமே. அதைப் பண்பாட்டு மூலதனம் என்பார். ஆனால் பொருளை வைத்திருப்பது வேறு, அதை ஆளத் தெரிந்திருப்பது வேறு. பொருளை விலை கொடுத்து ஒரே நாளில் வாங்கிவிடலாம். ஆளும் திறமை உடம்பில் ஊறுவதற்கு வருடங்கள் எடுக்கும். அதைக் கடையில் வாங்க முடியாது.

அன்று பரீட்சைக்காகப் படித்த இந்தக் கருத்து எனக்கு உண்மையில் விளங்கியது வேலைக்கு வந்த பிறகுதான். ஒரு வீட்டில் தகப்பன் மௌத்தானால், பொருள் மட்டுமா மிஞ்சுகிறது? பக்கத்தில் இருந்து பார்த்த மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அந்தத் தொழிலில் பாதி தெரிந்திருக்கும். பொருளை விற்றவுடன் அந்தப் பாதி அறிவும் பயனற்றுப் போகிறது. விலை பேசுகிறவர்கள் பெட்டிக்கு மட்டும்தான் விலை போடுகிறார்கள். அதோடு சேர்ந்து போகும் அறிவுக்கு யாரும் விலை போடுவதில்லை.

ஆசை தொழிலான விதம்

இசையை விடத் தொழில்நுட்பத்தில்தான் சிறு வயதில் தனக்கு அதிக ஈர்ப்பு என்றும், இரண்டும் ஒன்றாகச் சந்தித்த இடம் சின்தசைஸர் என்றும் ரஹ்மான் சொல்லியிருக்கிறார். வாலிப வயதில் சிவமணி, ஜோன் அந்தோனி, சுரேஷ் பீட்டர்ஸ் முதலிய நண்பர்களோடு 'ரூட்ஸ்' என்ற குழுவில் வாசித்தார். 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ரொக் இசைக்குழுவையும் அமைத்தார். தகப்பனைப் போலவே கையில் காசு வந்தபோதெல்லாம் அவர் கண் கருவிகள் மேல்தான் போனது.

1989இல் கோடம்பாக்கத்தில் தமது வீட்டோடு ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தைக் கட்டினார். பஞ்சதன் என்பது அதன் பெயர். கட்டடம் எழும்பிவிட்டது, உள்ளே வைக்கக் கருவி வாங்கப் பணம் இல்லை. குளிரூட்டியும் கம்பளமும் மட்டும் இருந்த வெறும் அறையில் உட்கார்ந்திருந்த நாட்களைப் பற்றி அவர் பேசியிருக்கிறார். அப்போதும் தாய்தான் வந்தார். தனது நகைகளை அடகு வைக்கக் கொடுத்தார். அதில் முதல் ஒலிப்பதிவுக் கருவி வந்து சேர்ந்தது. விளம்பரங்களுக்கான சிறு இசைத் துண்டுகளை அந்த அறையில்தான் செய்தார். 1992இல் 'ரோஜா' அங்கிருந்துதான் வந்தது. 2009இல் இரண்டு ஒஸ்கார் விருதுகள், 2010இல் இரண்டு கிராமி விருதுகள் என்று பிறகு நடந்தவற்றை நான் சொல்லத் தேவையில்லை.

நகையை அடகு வைத்த தாய்மார் நமது ஊரிலும் நிறைய. வெளிநாட்டுக்குப் போக, வீட்டைப் பூர்த்தியாக்க, மகளின் கலியாணத்துக்கு என்று அடகு வைக்கிறோம். ஒரு தொழிற்கருவிக்காக அடகு வைத்தவர் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

விளையாட்டு இயந்திரத்தைக் காதலித்த பாடகர்கள்

இயந்திரத்தின் மீது இசைக்கலைஞர்களுக்கு வரும் இந்த மோகம் உலகம் முழுதும் உள்ளதுதான். மேற்கு நாட்டு ரொக் பாடகர்கள் சிலருக்குப் 'பின்போல்' என்ற விளையாட்டு இயந்திரத்தின் மீது தீராத ஆசை. நம் பக்கம் இது அதிகம் வந்ததில்லை என்பதால் விளக்கிச் சொல்கிறேன். கண்ணாடி மூடிய சாய்வான மேசை. சுருள்வில்லை இழுத்து விட்டால் ஓர் உருக்குக் குண்டு மேலே பாய்ந்து, தடைகளில் மோதி மணியடித்து, புள்ளி சேர்த்துக்கொண்டு கீழே உருண்டு வரும். அது பள்ளத்தில் விழாமல் இரண்டு சிறு கைகளால் மீண்டும் மேலே தட்டி விடவேண்டும். பகடெல் என்ற பழைய பிரெஞ்சு மேசை விளையாட்டுத்தான் இதன் மூலம். சுருள்வில் அமைப்புக்கு 1871இல் அமெரிக்காவில் காப்புரிமை பெறப்பட்டது. தட்டி விடும் கைகள் 1947இல் வந்தன.

இதை ஒரு காலத்தில் சூதாட்டம் என்று கருதி, நியூயோர்க் நகரில் 1942 முதல் 1976 வரை தடை செய்தே வைத்திருந்தார்கள். குண்டு எங்கே போகும் என்பது வெறும் அதிர்ஷ்டமல்ல, கைத்திறமை என்று 1976இல் ஒருவர் நகரசபையினர் முன்னால் விளையாடிக் காட்டிய பிறகே தடை நீங்கியது. அதற்கு முன்பே, 1969இல், பின்போல் ஆடும் ஒரு சிறுவனின் கதையை 'த ஹூ' என்ற ஆங்கில ரொக் குழு முழு இசைத்தட்டாக வெளியிட்டது. அதன் 1975ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் நடித்த பாடகர் எல்டன் ஜோனின் உருவத்தோடு அடுத்த ஆண்டே ஒரு பின்போல் இயந்திரம் சந்தைக்கு வந்தது. 2022இல் கனடாவின் 'ரஷ்' குழுவின் பெயரில் ஸ்டேர்ன் நிறுவனம் செய்த இயந்திரத்துக்கு அக்குழுவின் இரு கலைஞர்களே குரல் பதிவு செய்து கொடுத்தார்கள்.

இதில் நான் கவனித்தது ஒன்று. ஒரு சாமானை நேசிக்கிறவர் முதலில் வாங்குவார். பிறகு அதைத் திறந்து பார்ப்பார். பிறகு பழுது பார்க்கக் கற்பார். கடைசியில், "இதை இப்படிச் செய்தால் இன்னும் நல்லதல்லவா?" என்று செய்கிறவரிடமே போய்ச் சொல்வார். சேகரிப்பவர் வடிவமைப்பவராக மாறும் பாதை இதுதான்.

வாங்கியவர் செய்பவரோடு சேர்ந்த கதை

நமது துணைக்கண்டத்திலும் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. புல்லாங்குழல் கலைஞரும் பொறியியலாளருமான பெங்களூர் ஜி. ராஜ் நாராயண், பின்னணிச் சுருதி போட ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்த நிலையை மாற்ற, மின்னணுத் தம்புராவை உருவாக்கி 1979இல் 'ராடெல்' நிறுவனத்தைத் தொடங்கினார். வீட்டில் தனியாக இருந்து பயிற்சி செய்யும் எத்தனையோ மாணவிகளுக்கு அந்தச் சிறு பெட்டி துணையாயிற்று. 2014இல் காலமான மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ், இரட்டைத் தந்திகள் கொண்ட மேற்கத்திய மாண்டலினை ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்டதாக மாற்றிக் கர்நாடக இசைக்கு வசப்படுத்தினார்.

ரஹ்மானும் இந்த வரிசையில் வருபவர். சாதாரண விசைப்பலகையில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையில் உள்ள சத்தத்தை எழுப்ப முடியாது. வீணையில் தந்தியை இழுத்து எழுப்பும் வளைவும் நெளிவும் அதில் வராது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தைச் சேர்ந்த லிப்போல்ட் ஹேக்கன் என்ற பொறியியல் ஆசிரியர், கட்டைகளே இல்லாத, மெத்தென்ற ஒரு நீண்ட பரப்பைக் கொண்ட கருவியைச் செய்தார். 'கொன்ரினியூம்' என்பது அதன் பெயர். விரலை வழுக்கினால் சுரம் வழுக்கும், அழுத்தினால் சத்தம் மாறும். நமது இசைக்கு இது பொருந்தும் என்று கண்டு ரஹ்மான் அதை வாங்கி, 2009இல் வெளிவந்த 'டெல்லி-6' படத்தின் ஒரு பாடலில் வாசித்தார். பியானோவையும் கிற்றாரையும் கலந்தது போன்ற 'ஹார்ப்பெஜ்ஜி' என்ற கருவியையும் மேடைகளில் வாசித்திருக்கிறார்.

2016 ஜனவரியில் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த மின்னணுக் கண்காட்சியில் இன்டெல் நிறுவனத்தோடு சேர்ந்து இன்னொரு சோதனை செய்தார். பொத்தான் அளவான ஒரு மின்னணுச் சில்லைப் பொருத்திய கைப்பட்டியை அணிந்துகொண்டு, கை அசைவினாலேயே அவரும் குழுவினரும் இசை எழுப்பினார்கள். அந்தச் சில்லைத் தயாரிப்பதை நிறுவனம் 2017இல் நிறுத்திவிட்டது. எல்லா முயற்சியும் நிலைப்பதில்லை. அதற்காக அவர் நிறுத்தவில்லை. 2022இல் கான் நகரில் அவர் இயக்கிய 'லே மஸ்க்' என்ற 36 நிமிடப் படைப்பைக் காட்டினார்கள். கண்ணில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு விசேட கதிரையில் உட்கார்ந்தால், காட்சிக்கு ஏற்ப அந்தக் கதிரை அசையும், வாசனையும் வரும்.

தகப்பன் வெளிநாட்டுப் பெட்டியை வாங்கினார். மகன் வெளிநாட்டுப் பொறியியலாளரோடு சமமாக உட்கார்ந்து பேசினார். இடையில் நின்றவர் அந்தப் பெட்டிகளை விற்காத தாய்.

நமது ஊர்க் கணக்கு

"அது ரஹ்மான், நாங்கள் எங்கே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லாப் பிள்ளையும் ரஹ்மானாகப் போவதில்லை. ஆனால் வாடகைக் கணக்கு எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான்.

நான் அறிந்த இரண்டு சகோதரிகளைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஒருவரின் கணவர் கலியாணங்களுக்கும் மற்ற வைபவங்களுக்கும் ஒலிபெருக்கியும் மின்குமிழ்களும் வாடகைக்குக் கொடுத்து வந்தவர். அவர் மௌத்தான பிறகு சாமான்களை எடுத்துக்கொள்ள இரண்டு பேர் விலையோடு வந்தார்கள். இந்தச் சகோதரி கொடுக்கவில்லை. கணவரோடு உதவிக்குப் போய்வந்த தனது தம்பியைத் துணைக்கு வைத்துக்கொண்டார். ஒரு கொப்பியில் யாருக்கு என்ன போனது, எப்போது திரும்பியது, எவ்வளவு வந்தது என்று தானே எழுதினார். வயர் பொருத்துவதையும் பிள்ளைகளோடு சேர்ந்து தானும் கற்றுக்கொண்டார். இன்று அந்த வீட்டின் மூத்த பிள்ளை பல்கலைக்கழகத்தில் படிக்கிறது.

மற்றச் சகோதரியின் கதை வேறு. கணவரின் வள்ளத்து என்ஜினை "அவர் ஞாபகமாக இருக்கட்டும்" என்று வைத்தார். வீட்டில் கடலுக்குப் போக யாரும் இல்லை. வாடகைக்குக் கொடுக்கவும் பயந்தார். உப்புக் காற்றில் மூன்று வருடம் கிடந்து, கடைசியில் பழைய இரும்பு விலைக்குப் போனது. எனவே விற்காமல் வைப்பதெல்லாம் புத்திசாலித்தனம் என்று நான் சொல்ல வரவில்லை. வேலை செய்யாமல் கிடக்கும் கருவி நாளுக்கு நாள் விலை இழக்கிறது. கரீமா பேகம் பெட்டிகளைப் பூட்டி வைக்கவில்லை, உழைக்க விட்டார் என்பதை மறக்கக்கூடாது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். நான் அப்போது பாடசாலை மாணவி. அதன் பின்னர் தையல் மெசின்களும் வேறு சாமான்களும் நமது வீடுகளுக்கு வந்தன. பயிற்சியோடு வந்த மெசின் பல வீடுகளில் இன்னும் ஓடுகிறது. பயிற்சி இல்லாமல் வந்தது கட்டிலுக்குக் கீழே போனது, அல்லது கைமாறிப் போனது. பொருளுக்கு அதை ஆளும் கை வேண்டும் என்று போர்தியூ சொன்னதை இங்கே கண்ணால் கண்டேன். மருதமுனையின் தறி வீடுகளிலும் இதே நிலைதான். தறியை விற்றவர் காசைச் செலவழித்து முடித்தார். தறியை வைத்துக்கொண்டு, நெய்யத் தெரிந்த இன்னொருவரை அதில் உட்கார்த்திக் கூலிப் பங்கு பேசியவருக்குச் சிறிதாகவேனும் வருமானம் நின்றது.

விற்க முன் கேட்க வேண்டியவை

ஒரு வீட்டில் இப்படியொரு நிலை வந்தால், நான் அந்தச் சகோதரியிடம் இந்தக் கேள்விகளைத்தான் கேட்பேன்.

முதலாவது, இதை இயக்கத் தெரிந்தவர் வீட்டிலோ நெருங்கிய குடும்பத்திலோ இருக்கிறாரா? இல்லையென்றால் ஆறு மாதத்தில் கற்கக்கூடியவர் இருக்கிறாரா? அது மகளாகவும் இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, வாடகைக்குப் போகுமா? உதாரணத்துக்கு ஒரு சாமானை 60,000 ரூபாய்க்குக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் நான்கு நாள் வாடகைக்குப் போய், ஏற்றியிறக்கும் கூலியும் பழுதுச் செலவும் கழித்து 4,000 ரூபாய் மிஞ்சினால், பதினைந்து மாதத்தில் அந்த 60,000 வந்துவிடும். சாமானும் உங்களிடமே இருக்கும். மாதம் 500 ரூபாய்தான் மிஞ்சும் என்றால் கணக்கு மாறும், விற்பதே நல்லது.

மூன்றாவது, உதிரிப்பாகம் கிடைக்குமா? இன்னும் எத்தனை வருடம் ஓடும்? இதைத் தெரிந்த இரண்டு பேரிடமாவது கேளுங்கள். வாங்க வந்தவரிடம் மட்டும் கேட்காதீர்கள்.

நான்காவது, இது யாருடைய சொத்து? மௌத்தானவரின் தொழிற்சாமானில் வாரிசுகள் எல்லோருக்கும் பங்குண்டு. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. வயது வராத பிள்ளைகளின் பங்கும் அதில் இருக்கிறது. நமது நாட்டில் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டம் இதை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே மாமா ஒருவர் விலை பேசி முடிப்பது எந்த வகையிலும் சரியாகாது. விற்றாலும் வாடகைக்குக் கொடுத்தாலும் கணக்கு எழுத்தில் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, அவசரம் ஏன்? இத்தா காலமான நான்கு மாதமும் பத்து நாளும் ஒரு பெண் வெளியில் போய் விலை விசாரிக்க வசதியற்று, துக்கத்தோடு இருக்கும் காலம். அந்த நேரத்தில் பேசப்படும் விலை பெரும்பாலும் குறைந்த விலையாகவே இருப்பதைக் கண்டிருக்கிறேன். அடுப்பு எரிய வழியில்லாவிட்டால் வேறு விடயம். இல்லாவிட்டால் அந்தக் காலம் முடியும் வரை எந்த விற்பனையும் வேண்டாம் என்று குடும்பத்தில் பெரியவர்கள் ஒரு முடிவெடுக்கலாம்.

மகளுக்கும் அதே நம்பிக்கை

கரீமா பேகம் "எனக்கு மகன் இருக்கிறான்" என்று சொன்னார். அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்ல முடிந்தது. ஆனால் அதே வீட்டிலிருந்து வந்த பெண்களையும் பாருங்கள். மூத்த சகோதரி ஏ.ஆர். ரெஹானா இசையமைப்பாளரானார். இன்னொரு சகோதரி பாத்திமா ரபீக், 2008இல் சென்னையில் ரஹ்மான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியின் நிர்வாகத்தை ஏற்று நடத்தினார். ரஹ்மானின் மகள் கதீஜா 2024இல் வெளிவந்த 'மின்மினி' என்ற தமிழ்ப் படத்துக்கு இசையமைத்தார். டுபாய் எக்ஸ்போ கண்காட்சிக்காக உருவாகி 2021இல் மேடையேறிய 'பிர்தௌஸ்' இசைக்குழுவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். அரபு நாடுகளிலிருந்து வந்த சுமார் 50 பேர். அவர்களுக்கு வழிகாட்டியவர் ரஹ்மான்.

நமது பெண் பிள்ளைகளுக்கும் கருவிகள் மீது ஆசை உண்டு. பழுதான கைத்தொலைபேசியைத் திறந்து பார்க்கும் மகளை "ஆம்புளப் புள்ள மாதிரி என்ன வேலை இது?" என்று ஏசுகிறோம். அதே வேலையைத் தம்பி செய்தால் "மூளைக்காரன்" என்கிறோம். தையல் மெசின் பழுதானால் அதை ஓட்டும் பெண்ணுக்கே திருத்தத் தெரியாது. திருத்துகிறவர் வரும்வரை ஒரு வாரம் உழைப்பு நிற்கிறது. மெசினை வாங்கிக் கொடுக்கும் திட்டங்களில் அதைக் கழற்றிப் பூட்டவும் பெண்களுக்குப் பழக்க வேண்டும் என்பதை நான் போகும் கூட்டங்களில் எல்லாம் சொல்லி வருகிறேன். ஓட்டத் தெரிந்தவள் கூலிக்காரி. திருத்தவும் தெரிந்தவள் தொழில்காரி. இன்னும் நல்லதாக அமைக்கத் தெரிந்தவளுக்கு எதிரில் விலை பேச எவரும் யோசிப்பார்கள்.

கரீமா பேகம் 2020 டிசம்பர் 28ஆம் திகதி சென்னையில் வபாத்தானார். அவர் பெரிய படிப்புப் படித்தவராக அறியப்பட்டவரல்லர். தன் வீட்டில் இருக்கும் பொருள் எது, அது நாளை எதைத் தரும் என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்.

சகோதரிகளே! இதை வாசித்து முடித்ததும் ஒரு கொப்பியை எடுங்கள். உங்கள் வீட்டில் உழைக்கும் சாமான்கள் என்னென்ன, அவை யார் பெயரில் இருக்கின்றன, எவ்வளவுக்கு வாங்கியது, அதை இயக்க யாருக்கெல்லாம் தெரியும் என்று கணவரோடும் பிள்ளைகளோடும் இருந்து எழுதி வையுங்கள். இயக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால், இரண்டாவது பெயராக உங்கள் பெயரையோ மகளின் பெயரையோ சேர்ப்பதற்கு இந்த மாதமே பழகத் தொடங்குங்கள். எல்லோரும் சுகமாக இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை இது.